கோணல் பல்லுக்கு வெனீர்: அரை மில்லிமீட்டர் கணக்கு

கோணல் பல் என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். அதற்குள் நான்கைந்து விதம் இருக்கிறது. நின்ற இடத்திலேயே திரும்பி நிற்கும் பல், பக்கத்துப் பல்லின் மேல் ஏறி நிற்கும் பல், வரிசைக்கு உள்ளே பதுங்கிய பல், மேலே தூக்கி முளைத்த தெத்துப்பல், முன்வரிசை மொத்தமும் வெளியே வந்த எத்துப்பல். கண்ணாடி பார்ப்பவருக்கு எல்லாம் ஒன்றுதான். வெனீர் ஒட்டுகிறவருக்கு ஒவ்வொன்றும் தனிக் கணக்கு. உள்ளே பதுங்கிய பல்லை ஏறக்குறைய எதையும் ராவாமலே சரிசெய்துவிடலாம். எத்துப்பல்லில் வெனீர் பேச்சையே எடுக்கக்கூடாது. ஏற்கெனவே துருத்தும் பல்லின் மேல் இன்னும் ஒரு அடுக்கு வைத்தால் உதடு மூடாது.

வெனீர் என்பது பல்லின் முன்முகத்தில் ஒட்டும் மெல்லிய பீங்கான் ஓடு. தடிமன் 0.3 முதல் 0.7 மில்லிமீட்டர், ஏறக்குறைய விரல் நகத்தின் கனம். அது பல்லை நகர்த்தாது. வேர் எந்தக் கோணத்தில் இருந்ததோ அந்தக் கோணத்திலேயே இருக்கும். முன்முகம் மட்டும் புதிதாகிறது. அதனால் கோணலை நேராகக் காட்ட வழி ஒன்றுதான்: துருத்தும் பக்கத்தை ராவ வேண்டும், பதுங்கிய பக்கத்தைப் பீங்கானால் நிரப்ப வேண்டும். நிரப்புவதில் சிக்கல் குறைவு. ராவுவதில்தான் எல்லாமே இருக்கிறது.

ஏனென்றால் வெனீரைப் பிடித்து வைத்திருப்பது எனாமல், பல்லின் கடினமான மேலுறை. 1928இல் ஹாலிவுட்டில் சார்லஸ் பிங்கஸ் என்ற பல் மருத்துவர் நடிகர்களுக்கு இப்படிப் பல் ஓடுகள் செய்து கொடுத்தார். பல் செட் ஒட்டும் பவுடரால் ஒட்டி, படப்பிடிப்பு முடிந்ததும் கழற்றி வைக்க வேண்டியதுதான். நிலையாக ஒட்ட அன்று வழி இல்லை. 1955இல் மைக்கேல் புவோனோகோர், பாஸ்பாரிக் அமிலம் தடவினால் எனாமலின் மேற்பரப்பு நுண்ணிய பள்ளங்களாக அரிக்கப்பட்டு அதில் ரெசின் என்ற பிசின் வேரூன்றிப் பிடிக்கும் என்று காட்டினார். 1983இல் சைமன்சனும் கலாமியாவும் பீங்கானின் உட்பக்கத்தையும் ஹைட்ரோஃப்ளோரிக் அமிலத்தால் அப்படியே அரிக்கலாம் என்று காட்டிய பிறகுதான் இன்றைய வெனீர் சாத்தியமானது. எனாமலுக்கு அடியில் இருக்கும் டென்டின் அப்படியல்ல. அதில் நுண்குழாய்கள், அவற்றில் ஈரம், கூடவே கொலாஜன் நார்கள். அதிலும் ஒட்டும், ஆனால் எனாமலில் பிடித்ததைப்போல் ஆண்டுக்கணக்கில் நிலைக்காது. டென்டின் எனாமலைவிட நெகிழக்கூடியது என்பதால் மேலே ஒட்டிய பீங்கான் விரிசல் விடவும் வாய்ப்பு அதிகம்.

எனாமல் எவ்வளவு இருக்கிறது? மேல் நடுப்பல்லின் முன்முகத்தில், ஈறு ஓரமாக 0.3 முதல் 0.4 மில்லிமீட்டர். நடுப்பகுதியில் முக்கால் மில்லிமீட்டரைச் சுற்றி. நுனியில் ஒன்றுக்கு மேல். மொத்தக் கையிருப்பே இவ்வளவுதான். ராவினால் திரும்ப வளராது.

இனி ஒரு பல்லை அருகில் வைத்துப் பார்ப்போம். மேல் நடுப்பல்லின் அகலம் சுமார் 8.5 மில்லிமீட்டர். அது தன் நடு அச்சில் 10 பாகை திரும்பியிருந்தால் ஒரு மூலை வரிசையைவிட முக்கால் மில்லிமீட்டர் முன்னே வரும், மறு மூலை அதே அளவு உள்ளே போகும். முன்னே வந்த மூலையில் அந்த முக்காலையும் ராவி, வெனீரின் கனத்துக்கு இன்னும் 0.4 ராவினால் 1.15 ஆகிறது. எனாமல் அங்கே முடிந்துபோகிறது. மற்றப் பற்களின் மேல் அரை மில்லிமீட்டர் பீங்கான் ஏற்றி வரிசையையே கொஞ்சம் முன்னே கொண்டுவந்தால் ராவுவது 0.65 ஆகக் குறையும், எனாமலுக்குள் நின்றுவிடலாம். சரி, திருப்பம் 20 பாகை என்றால்? மூலை 1.45 மில்லிமீட்டர் முன்னே வரும். அதே சலுகை கொடுத்தாலும் 1.35 ராவ வேண்டும், டென்டினுக்குள் இறங்கியாக வேண்டும். 30 பாகையில் மூலை 2 மில்லிமீட்டருக்கு மேல் துருத்தும். நரம்பறை பெரிதாக உள்ள இளவயதுப் பல்லில் அது வேர் சிகிச்சையில் கொண்டுபோய் விடும். 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு வெனீருக்காகப் பல்லை ராவாமல் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஒன்றன் மேல் ஒன்று ஏறிய பற்களுக்கு இன்னொரு கணக்கு, அகலத்தின் கணக்கு. இரண்டு நடுப்பற்களும் 2 மில்லிமீட்டர் ஏறிக் கிடந்தால் 17 மில்லிமீட்டர் பல்லுக்கு 15 மில்லிமீட்டர் இடம்தான் இருக்கிறது. பீங்கானால் இடத்தை உண்டாக்க முடியாது. ஆளுக்கு 7.5 என்று பங்கிட்டால், 10.5 நீளமுள்ள பல்லில் அகலம் நீளத்தில் 71 சதவீதம். 75 முதல் 80 வரை இருந்தால்தான் நடுப்பல் நடுப்பல்லாகத் தெரியும். அதற்குக் கீழே போனால் ஒடுங்கி, நீண்டு, குதிரைப்பல் சாயல் வந்துவிடும். நேராக இருக்கும், அழகாக இருக்காது. ஒரு மில்லிமீட்டர் ஏற்றம் என்றால் 8க்கு 10.5, அது 76 சதவீதம், தப்பிக்கலாம்.

ஆனால் அந்த ஒரு மில்லிமீட்டரை வேறு வழியிலும் கண்டெடுக்கலாம். முன்பற்கள் ஒன்றையொன்று தொடும் இடங்களில் நான்கில், தலா கால் மில்லிமீட்டர் உரச வேண்டும். பக்கவாட்டில் எனாமலைக் கொஞ்சம் எடுத்து இடம் உண்டாக்கி, அலைனராலோ (பல்லில் மாட்டும் ஒளிபுகும் பிளாஸ்டிக் தட்டு) கம்பியாலோ பல்லையே திருப்பிவிடலாம். ஒரு அலைனர் தட்டு ஒரு பல்லை ஏறக்குறைய கால் மில்லிமீட்டர் நகர்த்தும். நாளுக்கு 20 முதல் 22 மணி நேரம் போட்டிருக்க வேண்டும். முன்பற்களின் லேசான நெரிசலுக்கு மூன்று முதல் ஆறு மாதம் போதும் என்பது பொதுவான அனுபவம். பிறகு வெளுப்பாக்கி, மூலைகள் தேய்ந்திருந்தால் காம்போசிட் என்ற பல் நிறப் பிசினை வைத்துச் சரிக்கட்டலாம். பலருக்கு அங்கேயே திருப்தி வந்துவிடும். வெனீர் அப்போதும் வேண்டும் என்றாலும் ராவ வேண்டியது 0.3 ஆகக் குறைந்திருக்கும். கல்யாணத்துக்கு இரண்டு மாதம்தான் இருக்கிறது என்று வருகிறவரிடம் இதைச் சொன்னால் முகம் வாடும். ஆனாலும் சொல்லியாக வேண்டிய பேச்சு இது.

முதலில் முடிக்க வேண்டியவை: சொத்தை, ஈறு வீக்கம், காரை. ஈறில் ரத்தம் கசியும் வாயில் வெனீர் ஒட்டுவது மழையில் சுவருக்கு வெள்ளை அடிப்பதைப்போல. வெளுப்பாக்குவதாக இருந்தால் அதையும் முன்கூட்டியே முடித்து, ஒட்டுவதற்கு முன் இரண்டு வாரம் இடைவெளி விட வேண்டும். எனாமலில் தங்கிய ஆக்சிஜன், ரெசின் இறுகுவதைக் கெடுக்கும். தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் ஃப்ளோரைடு மிகுந்த தண்ணீர் குடித்து வளர்ந்த பற்களில் எனாமலின் மேலடுக்கு அமிலத்துக்கு எளிதில் அசையாது. அரிக்கும் நேரத்தைக் கூட்ட வேண்டியிருக்கும்.

அடுத்தது மாக்-அப். பெயர் மேக்கப் போலக் கேட்டாலும் வேலை அளவு பார்ப்பது. பல்வரிசையின் மாதிரியில் மெழுகாலோ கணினியிலோ புதிய வடிவத்தை உருவாக்கி, அதன் மேல் சிலிக்கான் புட்டியால் அச்சு எடுத்து, அந்த அச்சில் தற்காலிகப் பிசினை நிரப்பி வாயில் அழுத்தினால், ஐந்து நிமிடத்தில் வரப்போகும் பல் வாயில் இருக்கும். கோணல் பல்லில் இது வேறொன்றையும் காட்டிக்கொடுக்கும். புதிய வரிசைக்கு வெளியே துருத்தும் மூலை, பிசினைத் துளைத்துக்கொண்டு எட்டிப் பார்க்கும், அல்லது அச்சையே உட்கார விடாது. எட்டிப் பார்க்கும் இடமே ராவ வேண்டிய இடம். எவ்வளவு எட்டிப் பார்க்கிறதோ அவ்வளவோடு வெனீரின் கனம். உட்கார்ந்திருப்பவர் கையில் கண்ணாடியைக் கொடுத்து இதைக் காட்டிவிட்டால் பாதி விவாதம் முடிந்துவிடும்.

மாக்-அப் வாயில் இருக்கும்போதே பேசிப் பார்க்க வேண்டும். ‘வ’ சொல்லும்போது மேல்பல்லின் நுனி கீழுதட்டின் ஈரமும் உலர்ந்த தோலும் சேரும் கோட்டை லேசாகத் தொட வேண்டும். ‘வெள்ளை வேட்டி’, ‘வாழை இலை’ என்று நாலு தடவை சொல்லச் சொன்னால் போதும். பல் நீளமாகிவிட்டால் உதடு இடறும். நடுக்கோடு ஒரு மில்லிமீட்டர் தள்ளி இருந்தால் பெரும்பாலும் யாரும் கவனிப்பதில்லை. சாய்ந்திருந்தால் எல்லார் கண்ணிலும் படும். திரும்பிய பல்லை மறைக்கும் அவசரத்தில் இந்தச் சாய்வு அடிக்கடி வந்துவிடுகிறது.

ஈறையும் பார்க்க வேண்டும். முன்னே துருத்திய பல்லில் ஈறு மேலேறி இருக்கும், உள்ளே பதுங்கிய பல்லில் இறங்கி, தடித்து இருக்கும். பல்லை மட்டும் வரிசைப்படுத்தி ஈறை விட்டுவிட்டால் ஒரு பல் குட்டையாகவே நிற்கும். ஈறைக் கொஞ்சம் வெட்டிச் சமன் செய்யலாம், ஆனால் புதிய ஈறு ஓரத்துக்கும் எலும்பு விளிம்புக்கும் நடுவே 3 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஈறு சிவந்தே இருக்கும், அல்லது பழைய இடத்துக்கே வளர்ந்துவிடும்.

ராவும் நாளில், அனுபவசாலிகள் மாக்-அப்பைக் கழற்றாமல் அதன் மேலேயே தொடங்குவார்கள். துருத்திய மூலையை மட்டும் முன்பே குறைத்திருப்பார்கள். ஆழம் குறிக்கும் பர் (ராவும் முனை) என்று ஒன்று உண்டு. அதன் வளையங்கள் 0.3 அல்லது 0.5 மில்லிமீட்டருக்கு மேல் உள்ளே இறங்காது. அதைக் கொண்டு மாக்-அப்பில் கிடைக்கோடாக இரண்டு மூன்று பள்ளம் போட்டு, பள்ளத்தின் அடியில் பென்சிலால் தீட்டுவார்கள். பிறகு மாக்-அப்பைப் பெயர்த்தெடுத்தால் சில பற்களில் பென்சில் கோடே இருக்காது. அங்கே ராவ வேண்டியதே இல்லை, பிசினின் கனமே வெனீருக்குப் போதும். கோடு விழுந்த இடத்தில் மட்டும், கோடு மறையும் வரை ராவினால் போதும். மாக்-அப் இல்லாமல் பழைய பல்லின் மேலேயே அரை மில்லிமீட்டர் அளந்து எல்லா இடத்திலும் ஒரே சீராக ராவுகிறவர், தேவையில்லாத இடத்திலும் எனாமலைக் கொட்டிவிடுகிறார். நுனியில் ஒன்று முதல் ஒன்றரை மில்லிமீட்டர் குறைப்பார்கள். பல்லை நீட்டப்போகிறோம் என்றால் அதுவும் குறையும். திரும்பிய பல்லில் பக்கவாட்டு விளிம்பைத் தொடும் இடம் தாண்டி உள்ளே கொண்டுபோக வேண்டும். இல்லாவிட்டால் ஓரமாகப் பார்க்கும்போது பீங்கானுக்குப் பின்னால் பழைய பல் மஞ்சளாகத் தெரியும். டென்டின் எங்காவது வெளிப்பட்டால், அளவு எடுப்பதற்கு முன் அன்றே அதன் மேல் ஒட்டுப்பசை பூசி ஒளியால் இறுக்கி மூடிவிடுவது நல்லது. பிறகு கூச்சமும் குறையும், பிடிப்பும் கூடும்.

நிறத்தை ராவுவதற்கு முன்பே பார்த்துவிட வேண்டும். வாயைத் திறந்து வைத்திருந்தால் பல் சில நிமிடத்திலேயே உலர்ந்து வெளிறிவிடும். அந்த நிறத்தை வெனீர் செய்யும் லேபுக்கு அனுப்பினால் வெனீர் பக்கத்துப் பல்லைவிட வெள்ளையாக வந்து நிற்கும்.

ஒட்டும் நாள்தான் எல்லாவற்றையும்விட நுணுக்கமானது. முதலில் தண்ணீரில் கழுவினால் போய்விடும் பசையால் ஒட்டிப் பார்த்து நிறமும் இடமும் சரிதானா என்று முடிவு செய்வார்கள். ஒட்டுப்பசையின் சாயலும் மெல்லிய வெனீரின் வழியே தெரியும் என்பதால் இந்தப் படியைத் தாண்டக்கூடாது. பிறகு பீங்கானின் உட்புறம். பீங்கானின் வகையைப் பொறுத்து அமிலம் மாறும். லித்தியம் டைசிலிகேட் என்றால் 5 சதவீத ஹைட்ரோஃப்ளோரிக் அமிலம் 20 விநாடி. ஃபெல்ட்ஸ்பார் பீங்கான் என்றால் 9 முதல் 10 சதவீதம், ஒன்று முதல் ஒன்றரை நிமிடம். கழுவி, படிந்த வெள்ளை உப்பை நீக்கி, உலர்த்தி, பீங்கானையும் ரெசினையும் இணைக்கும் சைலேன் என்ற திரவம் ஒரு நிமிடம். இந்த வேலை முழுக்க வாய்க்கு வெளியே, கையுறை போட்டுச் செய்ய வேண்டியது. அந்த அமிலம் தோலைத் துளைத்து உள்ளே போகும்.

பல்லின் மேல் 37 சதவீதப் பாஸ்பாரிக் அமிலம், 30 விநாடி. கழுவிக் காய வைத்தால் எனாமல் சுண்ணாம்பு பூசியதுபோல் வெள்ளையாகும். வெள்ளையாகாமல் மஞ்சளாகவே நிற்கும் இடம் டென்டின். எவ்வளவு எனாமலை இழந்தோம் என்பதற்கு இதைவிட நேர்மையான சாட்சி கிடையாது. அப்புறம் பசை, மெல்லிய சிமென்ட். மெல்லிய வெனீருக்கு ஒளியால் மட்டும் இறுகும் ரெசின் சிமென்ட்தான் ஏற்றது. ஒளியாலும் வேதிவினையாலும் என இரண்டு வகையிலும் இறுகும் சிமென்ட்களில் உள்ள அமைன் வகைப் பொருள்கள் காலப்போக்கில் மஞ்சளாகி, அந்த நிறம் வெளியே தெரியும். இரண்டு நடுப்பற்களையும் முதலில் உட்கார வைத்து, இரண்டு மூன்று விநாடி மட்டும் ஒளி காட்டினால் வழிந்த சிமென்ட் அல்வா பதத்துக்கு வரும். அந்தப் பதத்தில் அதை எடுத்துவிட வேண்டும். கல்லாக இறுகிய பிறகு ஈறடியில் தங்கியதைச் சுரண்டினால் விளிம்பு உடையும். பல்லிடுக்கு நூலைப் பல் நுனிப் பக்கம் இழுக்காமல் பக்கவாட்டில் உருவ வேண்டும். விளிம்பில் கிளிசரின் ஜெல் பூசி, ஒவ்வொரு பக்கமும் 40 விநாடி. காற்று பட்டால் ரெசினின் மேல்தோல் இறுகாது, அதற்காகத்தான் கிளிசரின்.

இதில் எச்சில் ஒரு சொட்டு பட்டாலும் பலன் பிறகு தெரியும். வெனீர் முழுசாகக் கழன்று வந்தால் எறிந்துவிடாமல் ஒரு டப்பாவில் போட்டு எடுத்துப்போங்கள். பல நேரம் அதையே திரும்ப ஒட்டலாம். சிமென்ட் எதில் தங்கியிருக்கிறது என்று மருத்துவர் பார்ப்பார். பல்லில் இருந்தால் பீங்கானைத் தயாரித்ததில் குறை. பீங்கானில் இருந்தால் பல் பக்கம் ஈரமோ ரத்தமோ பட்டிருக்கிறது, இல்லாவிட்டால் அடியில் டென்டின் அதிகம். விளிம்பில் பழுப்புக் கோடு வந்தால் ஒட்டு அங்கே கசிகிறது.

எவ்வளவு நாள் உழைக்கும்? ஆஸ்திரியாவின் இன்ஸ்ப்ரூக்கில் 84 பேருக்கு ஒட்டிய 318 வெனீர்களைத் தொடர்ந்து பார்த்து 2012இல் வெளியிட்ட ஆய்வில், 10 ஆண்டில் 93.5 சதவீதமும் 20 ஆண்டில் ஏறக்குறைய 83 சதவீதமும் நிலைத்திருந்தன. தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிப்பவர்களிடம் தோல்வி பல மடங்கு. அவர்களுக்கு இரவில் நைட் கார்டு, அதாவது பல்லுக்குக் காப்புத் தட்டு, கட்டாயம். நுனியோடு நுனி முட்டும் கடியிலும், கீழ்ப்பல் மேல்பல்லின் பின்புறம் ஆழமாக ஏறும் கடியிலும் வெனீர் சில்லு பெயரும். கீழ் முன்பற்களில் இதே தொல்லை. அகலமும் ஐந்து மில்லிமீட்டர்தான், எனாமலும் மெல்லிசு. கீழ்வரிசை நெரிசலுக்கு வெனீரை விட்டுவிடுவதே நல்லது.

சில்லு பெயர்வது பெரும்பாலும் ஒட்டில் உள்ள குறையால் அல்ல, பழக்கத்தால். கரும்பை முன்பல்லால் உரிப்பது, கொட்டைப்பாக்கைக் கடிப்பது, நண்டு ஓட்டை உடைப்பது. வெனீர் நேரான அழுத்தத்தைத் தாங்கும், நெம்புவதைத் தாங்காது. காம்போசிட் வெனீர் இன்னும் மென்மையானது; ஐந்து முதல் ஏழு ஆண்டு. மஞ்சளும் டீயும் அதில் கறை ஏற்றும், ஆண்டுக்கு ஒரு முறையாவது மெருகேற்ற வேண்டும். ஆனால் உடைந்தால் வாயிலேயே ஒட்டிவிடலாம், ராவுவதும் குறைவு. 20 வயதுக்காரருக்கு அதுவே புத்திசாலித்தனமான தொடக்கம். பீங்கான் வெனீர் வைத்தவர்கள் பல் மருத்துவமனையில் ஃப்ளோரைடு பூசிக்கொள்ளும்போது அமிலம் கலந்த ஜெல் வேண்டாம் என்று சொல்லிவிட வேண்டும். அது பீங்கானின் பளபளப்பை அரித்துவிடும்.

பிரிட்டனில் ‘டர்க்கி டீத்’ என்று ஒரு பேச்சு சில ஆண்டுகளாக உண்டு. துருக்கிக்குப் போய் ஒரே வாரத்தில் வெனீர் போட்டு வந்தவர்களில் பலருக்கு நடந்தது வெனீர் அல்ல, கேப். பல்லைச் சுற்றிலும் ராவிக் கூம்பாக்கி, மேலே தொப்பி மாட்டியது. 2002இல் வெளியான ஓர் அளவீட்டின்படி வெனீருக்கு வெளிப்பல்லில் 3 முதல் 30 சதவீதம் வரை போகிறது. முன்பல் கேப்புக்கு 63 முதல் 72 வரை. கோணல் அதிகமான வாயில் இந்தக் குழப்பம் எளிதில் நடக்கும், ஏனென்றால் எவ்வளவு கோணலையும் கேப் ஒரே வாரத்தில் நேராக்கிவிடும். நம் ஊரிலும் வெனீர் என்று சொல்லிக் கேப் போடும் இடங்கள் இல்லாமல் இல்லை. ராவுவதற்கு முன்பே கேட்டுவிட வேண்டியது: பல்லின் பின்பக்கத்தைத் தொடுவீர்களா? முழுசாகத் தொடுவேன் என்றால் அது வெனீர் இல்லை.

ஒட்டி முடித்த பிறகும் பல் நகரும். திரும்பியிருந்த பல் பழைய திசைக்கே போகப் பார்க்கும், வெனீரோடு சேர்ந்தே. அலைனரில் திருப்பிய பிறகு வெனீர் ஒட்டியவர்கள் பழைய ரிட்டெய்னரை (பல் திரும்பிப் போகாமல் பிடித்து வைக்கும் தட்டு) திரும்பப் போட்டால் உட்காராது, பல்லின் வடிவமே மாறியிருக்கிறதே. பலவந்தமாக மாட்டினால் கழற்றும்போது வெனீரின் விளிம்பை நெம்பிவிடும். ஒட்டிய பிறகு புதிதாக அளவெடுத்துச் செய்த ரிட்டெய்னர்தான் வேண்டும், அது கைக்கு வரும் வரை இடைவெளி விடாமல் இருக்க, ஒட்டும் நாளிலேயே அந்த அளவையும் எடுத்துவிடச் சொல்லுங்கள்.